வெடித்த பேரியும் பழி சுமக்கும் மழையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை ஊர்களில் வீட்டுத் தோட்டம் போட்டவர்கள் ஆசை ஆசையாக வளர்த்த பேரி ரகம் ஒன்று உண்டு. பாஸ்டன்காரர்கள் அதை செயின்ட் மைக்கேல் என்றார்கள். நியூயார்க்கில் அது வெர்கலூ, பிலடெல்பியாவில் வெண்ணெய்ப் பேரி. பெயர்தான் மூன்று, மரம் ஒன்று. பிரான்சிலிருந்து வந்த ஒயிட் டுவாயென்னே என்ற பழைய ரகம் அது. பழுத்தால் பல் படத் தேவையில்லாத அளவுக்குச் சதை குழைந்திருக்கும்.

அந்தப் பழம்தான் வெடிக்கத் தொடங்கியது. பிஞ்சிலேயே தோலில் கரும்புள்ளி விழும். காய் பெருக்கப் பெருக்க அந்த இடம் காய்ந்து பிளக்கும். ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சூம்பிப்போன காயைப் பறித்து என்ன செய்வதென்று தெரியாமல் பலர் மரத்தையே வெட்டினார்கள், சிலர் வேறு ரகத்தை ஒட்டுக்கட்டிப் பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், கடலை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர்களில் அதே ரகம் அப்போதும் மாசு மருவில்லாமல் காய்த்துக்கொண்டிருந்தது.

அன்றைய அமெரிக்கத் தோட்டக்கலையின் பெரும்புள்ளியான ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங், 1845இல் வெளியிட்ட அமெரிக்கப் பழங்கள் பற்றிய நூலில் இந்தப் புதிரையும் எடுத்துப் பேசினார். பழைய குடியிருப்புகளில் மண் களைத்துவிட்டது, பேரிக்கு வேண்டிய தாதுக்கள் தீர்ந்துபோயின, சாம்பலும் எலும்புத்தூளும் போல எதையாவது போட்டு மண்ணைத் தேற்ற வேண்டும் என்பது அவர் பக்கம் நின்றவர்களின் வாதம். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1840இல் பயிரின் தாது உணவு பற்றி எழுதிய நூல் உலகையே கலக்கிக்கொண்டிருந்த சமயம் அது. எந்தப் பயிர்க் கோளாறுக்கும் மண்ணைக் குற்றம் சொல்வது அப்போதைய நாகரிகம். வாதம் புத்திசாலித்தனமானதுதான். ஆனால் ஆள் தவறு.

உண்மைக் குற்றவாளி, இலையிலும் காயிலும் பச்சை கலந்த கரும்பழுப்புத் திட்டாகப் படரும் ஒரு பூசணம். வென்ச்சூரியா பைரினா என்று 1896இல் ஜெர்மன் ஆய்வாளர் ருடால்ஃப் ஆடர்ஹோல்ட் பெயரிட்ட இதுதான் பேரியின் சொறிநோய்க்குக் காரணம். இலையும் காயும் நெடுநேரம் நனைந்திருந்தால்தான் இது தொற்றும். கடலோர ஈரக்காற்று அதற்குத் தோதாக இருந்திருக்க வேண்டும். எவ்வளவு சாம்பல் கொட்டினாலும் பூசணம் அசையாது.

இந்தக் கதையில் டௌனிங்கை மட்டும் பார்த்துச் சிரிக்க வழியில்லை. இன்றைக்கும் கொல்லையில் ஒற்றைப் பேரி மரம் வைத்திருப்பவர், ஒரு மழை இரவுக்குப் பிறகு காலையில் வெடித்த காய்களைப் பார்த்தால் மழையைத்தான் திட்டுகிறார். மழை கடைசி அடி, அவ்வளவுதான். காய் வெடிக்கும் நாள் ஒன்று, அதற்கான காரணம் தோலுக்குள் குடியேறிய நாள் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் கிடக்கின்றன. பேரி வெடிப்பு குறித்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நடந்துவரும் விசாரணையில் பெரும்பாலான குழப்பம் இந்த இடைவெளியில்தான் பிறந்தது.

முதலில் தோலைப் பார்ப்போம். பூ உதிர்ந்த பிறகு முதல் ஆறேழு வாரங்களில் பேரிப் பிஞ்சுக்குள் செல்கள் பிரிந்து பிரிந்து எண்ணிக்கையில் பெருகுகின்றன. அதன்பின் பிரிவது ஏறக்குறைய நின்றுவிடும். இருக்கும் செல்கள் நீரை வாங்கி உப்புவதுதான் மிச்ச வளர்ச்சி. முற்றிய காயின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான். உள்ளே சதை உப்ப உப்ப, வெளியே ஒற்றை அடுக்குத் தோல்செல்களும் அவற்றின் மேல் மெழுகு கலந்த மெல்லிய படலமும் அதே வேகத்தில் விரிந்துகொடுக்க வேண்டும். உள்ளழுத்தம் மாறாமல் இருந்தாலும் காயின் ஆரம் கூடக்கூடத் தோலின் மீது விழும் இழுவிசை கூடும். பந்துக்கும் பலூனுக்கும் பொருந்தும் அதே இயற்பியல்தான். அதனால்தான் ஒரே மரத்தில் சின்னக் காய்கள் தப்பிக்க, பார்த்துப் பார்த்துப் பெருக்கவைத்த பெரிய காய்கள் முதலில் போகின்றன.

விரியும் தோலில் எங்காவது ஓரிடம் விரிய மறுத்தால் சிக்கல் அங்கே தொடங்குகிறது. பூசணம் தின்ற இடம், பனி கருக்கிய இடம், சிலந்திப்பேன் உறிஞ்சிய இடம், பிஞ்சுப் பருவத்தில் தப்பான மருந்து தெளித்துச் சுட்ட இடம் என எதுவானாலும் மரம் செய்யும் வைத்தியம் ஒன்றுதான். செத்த தோலுக்கு அடியில் தக்கையை வளர்த்துக் காயத்தை மூடிவிடும். தக்கை நீரைத் தடுக்கும், கிருமியை மறிக்கும், ஆனால் நீளாது. சுற்றிலும் உள்ள தோல் விரிய, நடுவில் இருக்கும் தக்கைத் திட்டு அப்படியே நிற்க, இரண்டும் சேரும் விளிம்பிலோ திட்டின் நடுவிலோ கீறல் விழுகிறது.

சொறி விழுந்த பேரி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் தெரியும். கீறலின் இரு கரையும் கறுத்துத் தடித்திருக்கும், விரல் வைத்தால் சொரசொரக்கும். கீறலுக்குள் எட்டிப் பார்த்தால் வெள்ளைச் சதை தெரியாது, பழுப்பு நிறத்தில் காய்ந்த தக்கைதான் தெரியும். அதாவது அந்தக் கீறல் நேற்றைய மழையில் விழுந்ததல்ல, பல வாரம் மூத்தது. கீறல் இருக்கும் பக்கம் காய் வளராமல் நின்றுபோயிருப்பதால் பழமே ஒரு பக்கமாக வளைந்திருக்கும். பக்கத்திலேயே கீறாத இளம் திட்டு இருந்தால் அதன் மேல் ஆலிவ் நிறத்தில் வெல்வெட் போன்ற பொடி ஒட்டியிருக்கும். இதற்கு மாறாக, மரத்துக்கு நீர் திடீரென்று ஏறியதால் வெடித்த காயில் கரையெல்லாம் புதுசாக, சதை வெள்ளையாக, சாறு கசிந்து எறும்பு மொய்த்துக்கொண்டிருக்கும். வேறு எந்தச் சோதனையும் தேவையில்லை. வெடிப்பின் கரையைப் பார்த்தாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

சொறிப்பூசணம் வாழும் விதம் கொல்லை மரங்களுக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. உதிர்ந்த இலைகளில் அது குளிர்காலத்தைக் கழிக்கிறது. பேரியில் கூடுதல் ஆபத்து என்னவென்றால், இளங்கிளைகளின் பட்டையில் சிறு கொப்புளங்களாகவும் தங்கிவிடும். ஆப்பிள் சொறியில் இது அவ்வளவு பெரிய விஷயமல்ல, பேரியில் பெரிய விஷயம். மொட்டு விரியும் பருவத்தில் மழை பெய்யும்போது வித்துகள் கிளம்பி ஈர இலையில் ஒட்டுகின்றன. ஆப்பிள் சொறிக்காக அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மில்ஸ் என்பவர் 1944இல் வெளியிட்ட அட்டவணை, எந்த வெப்பநிலையில் எத்தனை மணி நேரம் இலை நனைந்திருந்தால் தொற்றும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. இதமான வெப்பநிலையில் ஒன்பது, பத்து மணி நேர ஈரம் போதும். ஓர் இரவு மழையும் மறுநாள் காலை மூடுபனியும் சேர்ந்தால் கணக்குச் சரி. பூசணம் தோலின் மெழுகுப்படலத்துக்கும் தோல்செல்லுக்கும் நடுவில் இடம்பிடித்துக்கொள்கிறது. பிஞ்சில் தொற்றினால்தான் காய் கோணும், வெடிக்கும். முற்றிய காயில் தொற்றினால் குண்டூசித் தலையளவு புள்ளியோடு நின்றுவிடும். எனவே ஆகஸ்டில் காய் வெடிப்பதைத் தடுக்க நினைப்பவர் மொட்டு விரியும் காலத்திலேயே விழித்திருக்க வேண்டும்.

வணிகத் தோட்டக்காரர் இதை அறிவார், தெளித்துவிடுவார். வீட்டுக்காரருக்கு மரம் காய்த்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. உதிர்ந்த இலை மரத்தடியிலேயே கிடக்கும். மரமோ ஏணி வைத்தாலும் எட்டாத உயரத்துக்குப் போயிருக்கும், உள்கிளைகள் அடர்ந்து காற்றே புகாது. இங்கிலாந்தில் சுவரோடு சேர்த்துப் பேரியைப் படரவிடும் பழக்கம் பழையது. அங்கே இன்னொரு வம்பு: சுவர் மழையை மறிப்பதால் அடிமண் எப்போதும் காய்ந்தே கிடக்கும். நாள்கணக்கில் தாகத்தில் இருந்த மரத்துக்குத் திடீரென்று காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை வந்து வேரை நனைத்தால் என்ன ஆகும்?

இங்குதான் மழையின் உண்மையான பங்கு வருகிறது. பகலில் இலைகள் நீரை ஆவியாக்கும்போது, வேர் கொடுப்பது போதாமல் காய்களிலிருந்தும் கொஞ்சம் இழுத்துக்கொள்கின்றன. காய் நுண்ணளவில் சுருங்குகிறது. இரவில் இலைத்துளைகள் மூடியதும் நீர் காய்களுக்குத் திரும்பி, அவை மறுபடி உப்புகின்றன. நுண்மானிகளைக் காயில் பொருத்தி ஆய்வாளர்கள் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்திருக்கிறார்கள். நெடுநாள் வறட்சியில் இந்த ஊசலாட்டத்தில் தோல் தன் நெகிழ்வை இழந்து கெட்டிப்படுகிறது. பிறகு ஒரு பெருமழை. வானம் மூடிக்கிடப்பதால் இலை ஆவியாக்குவதும் இல்லை. வந்த நீரெல்லாம் காய்க்குள் போகிறது. இரவிலோ விடியலிலோ தோல் கிழிகிறது. தக்காளி வளர்ப்பவருக்கும் மாதுளைத் தோட்டக்காரருக்கும் இது தெரிந்த கதைதான்.

ஆனால் வேர் வழி வரும் நீர் மட்டும்தான் காரணமா என்பதில் பல ஆண்டுகளாகச் சர்ச்சை. செர்ரிப் பழத்தில் அது உச்சத்தைத் தொட்டது, ஏனென்றால் செர்ரியில் வெடிப்பு என்றால் கோடிக்கணக்கில் நஷ்டம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அறுவடைக்கு முன் மழை பெய்தால் ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்து மரங்களுக்கு மேல் தாழப் பறக்கவிட்டு, பழத்தில் நிற்கும் நீரை விசிறியடித்து உதறுகிறார்கள். வீட்டுக்காரர் ஹெலிகாப்டருக்கு எங்கே போவார்! பழம் ஒட்டுமொத்தமாக நீரைக் குடித்துப் பலூன்போல் வெடிக்கிறது என்பதே நெடுங்காலக் கருத்து. ஜெர்மனியின் ஹனோவரில் மோரிட்ஸ் நோஹேயும் அவரது குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைப் புரட்டிப்போட்டது. பழம் குடிக்கும் மொத்த நீரின் அளவு பிரச்சினையல்ல என்றார்கள் அவர்கள். தோலின் மெழுகுப்படலத்தில் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே நீர் புகுந்து அங்குள்ள ஒரு சில செல்களை மட்டும் வெடிக்கச் செய்கிறது. அவற்றிலிருந்து கசியும் மாலிக் அமிலம் பக்கத்துச் செல்களின் சுவரைத் தளர்த்த, அவையும் பிரிய, கீறல் ஜிப்பைத் திறப்பதுபோல் நீண்டுகொண்டே போகிறது.

செர்ரியில் கண்டது அப்படியே பேரிக்குப் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. செர்ரி, மெழுகுப்படலம் உருவாக்குவதை வளர்ச்சியின் நடுவிலேயே நிறுத்திவிடுகிறது. ஆப்பிளோ காய் பெருக்கப் பெருக்கப் படலத்தையும் சேர்த்துக்கொண்டே போகிறது. பேரி ஆப்பிளின் நெருங்கிய உறவு. ஆனால் ஆப்பிளிலும் இளம் காயின் மேல் ஈரம் நெடுநேரம் நின்றால் நுண்கீறல்கள் பெருகி, தோல் சொரசொரப்பாகி, தக்கை பாவுகிறது என்பதை அதே ஹனோவர் குழு காட்டியிருக்கிறது. ஆக, தோலின் பலவீனம் முன்பே வருகிறது, மழை பின்னால் வந்து பெயரை வாங்கிக்கொள்கிறது. நீர் வெடிப்பு என்று ஒதுக்கப்படும் கணக்கில்கூட இந்த வரிசை மாறுவதில்லை.

மண்ணைக் குற்றம் சொன்ன டௌனிங் கூட்டத்துக்கும் ஓரளவு நியாயம் பின்னாளில் கிடைத்தது, வேறு வழியில். 1923இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் கேத்ரின் வாரிங்டன் என்ற பெண், அவரைக் குடும்பப் பயிர் ஒன்றை வைத்து, போரான் இல்லாமல் செடி வாழாது என்று காட்டினார். 1930களில் நியூசிலாந்தின் நெல்சன் வட்டாரத்தில் ஆப்பிள் சதைக்குள் தக்கை விழுந்த பழைய தொல்லையைப் போரான் கொடுத்துத் தீர்த்தார்கள். செல்சுவரில் உள்ள பெக்டின் இழைகளைக் குறுக்கே பிணைக்கும் கொக்கி போரான்தான் என்பது 1996இல் உறுதியாயிற்று. கொக்கி குறைந்தால் சுவர் பலவீனம், சுவர் பலவீனமென்றால் பேரியில் குழிவிழுதல், கோணல், வெடிப்பு. மண்ணில் போரான் இருந்தும் வறட்சியில் வேர் அதை எடுக்க முடியாது. கனமழை பெய்யும் அமிலமண்ணில் அது கரைந்து ஓடிவிடும். சுண்ணாம்பை வாரிக் கொட்டினாலும் பயிருக்குக் கிடைக்காமல் போகும். இதில் எச்சரிக்கை ஒன்று அவசியம்: போரானில் பற்றாக்குறைக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. கடையில் போராக்ஸ் மலிவாகக் கிடைக்கிறதென்று கைப்பிடி கைப்பிடியாக வேரில் போடுபவர் இலைக் கருகலை விலைக்கு வாங்குகிறார். மண்ணையோ இலையையோ சோதித்துப் பார்த்துவிட்டு, 0.1 சதவீத போரிக் அமிலக் கரைசலை இலைவழி தெளிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முட்டையோட்டைப் பொடித்து வேரில் போட்டால் சுண்ணாம்புச் சத்து ஏறித் தோல் கெட்டியாகும் என்ற நம்பிக்கைக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை. சுண்ணாம்புச் சத்து, நீர் ஆவியாகும் இழுப்போடு சேர்ந்து இலைக்குத்தான் அதிகம் போகிறது. காய் குறைவாகவே ஆவியாக்குவதால் அதன் பங்கு குறைவு. அமெரிக்காவின் வடமேற்கில் ஆஞ்ஜூ பேரியில் தக்கைப்புள்ளி என்ற கோளாறு வரும்போது, தோட்டக்காரர்கள் கால்சியத்தைக் காயின் மேலேயே நேரடியாகத் தெளிப்பது இதனால்தான்.

இன்னொரு நோய் இருக்கிறது, வெடிப்பு என்று பலர் தவறாக நினைப்பது. காய் முழுக்கக் குழிகுழியாக, கத்தி இறங்காத கல்லாக மாறிவிடும். பேரியின் சதையில் இயல்பாகவே மணல்போல் நெருடும் கல்செல்கள் உண்டு. இந்த நோயில் அவை குழியின் அடியில் கட்டியாகத் திரண்டுவிடும். அமெரிக்காவின் ஓரகன் மாநிலத்தில் பாஸ்க் ரகப் பேரியில் இது பெருந்தொல்லையாக இருந்தது. கீன்ஹோல்ஸ் என்பவர் 1939இல் இது ஒட்டுக்கட்டுதல் வழியே மரத்துக்கு மரம் பரவுகிறது என்று நிறுவினார். பின்னர் ஆப்பிளின் தண்டுக்குழி வைரஸோடு இது தொடர்புபடுத்தப்பட்டது. ஓராண்டு மோசமாகத் தெரியும், மறு ஆண்டு லேசாக இருக்கும். அதனால் வீட்டுக்காரர் போட்ட உரம்தான் குணப்படுத்தியது என்று நம்பி ஏமாறுவார். வைரஸுக்கு மருந்தில்லை. மரத்தை எடுத்துவிட்டு நல்ல தாய்மரத்துக் கன்றை வைக்க வேண்டியதுதான்.

பேரி வெடிப்பின் வரலாற்றில் சுவையான பகுதி ஜப்பானில் இருக்கிறது. 1888இல் சிபா மாகாணத்தின் மாட்சுடோவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் உறவினர் வீட்டுக் குப்பைமேட்டில் தானாக முளைத்த பேரிக்கன்று ஒன்றைப் பார்த்து எடுத்து வந்து வளர்த்தான். சுமார் பத்தாண்டு கழித்துக் காய்த்தபோது, மஞ்சள் கலந்த பச்சைத் தோலும் மொறுமொறுப்பும் சாறுமாக ஜப்பான் அதுவரை கண்டிராத பழம். நிஜிஸ்ஸெய்கி, அதாவது இருபதாம் நூற்றாண்டு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1904இல் கன்றுகள் டொட்டோரி மாகாணத்துக்குப் போயின. அங்கேதான் புகழும் வந்தது, சோதனையும் வந்தது. ஆல்டர்னேரியா பூசணத்தின் ஒரு தனி வகை உண்டாக்கும் கரும்புள்ளி நோய்க்கு இந்த ரகம் அநியாயத்துக்கு இடம்கொடுத்தது. நோய் தொற்றிய பிஞ்சில் கரும்புள்ளி விழும், வெடிக்கும், உதிரும். இந்தப் பூசணம் வெளியிடும் நஞ்சு எல்லாப் பேரியையும் தாக்காமல் நிஜிஸ்ஸெய்கி போன்ற சில ரகங்களையே தாக்குகிறது என்று 1933இல் தனகா என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். பயிர்நோயியல் வரலாற்றில் இப்படி ஆள் பார்த்துக் கொல்லும் நஞ்சைப் பற்றிய முதல் பதிவு அது.

டொட்டோரி விவசாயிகள் கண்டுபிடித்த வழி, கேட்டால் தலைசுற்றும். ஒவ்வொரு பிஞ்சுக்கும் மெழுகுத்தாள் உறை போட்டார்கள். பிஞ்சாக இருக்கும்போது சின்ன உறை, காய் பெருத்ததும் பெரிய உறை. ஒரு மரத்தில் ஆயிரக்கணக்கான காய் என்றால் ஏணியில் நின்று இரு தடவை ஆயிரக்கணக்கான முடிச்சு. இவ்வளவு பாடுபட்டு அந்த மாகாணம் பேரிக்குப் பெயர் வாங்கியது. மாட்சுடோவின் தாய்மரம் 1935இல் இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு, போர்க்கால விமானத் தாக்குதலில் தீப்பட்டு 1947இல் பட்டுப்போனது. காமாக் கதிர் பாய்ச்சி உண்டாக்கிய மாற்றத்தில் நோய் எதிர்ப்புப் பெற்ற கோல்டு நிஜிஸ்ஸெய்கி 1991இல் பதிவானது. உறை போடுவது இன்னும் முழுதாக நின்றபாடில்லை.

ஜப்பானின் இன்னொரு புகழ்பெற்ற ரகமான கோசுய், நோயில்லாமலேயே வெடிப்பதற்குப் பேர்போனது. 1941இல் கலப்பு செய்யப்பட்டு 1959இல் பெயர் பெற்ற இந்த ரகத்தின் தோல், பச்சைப் படலத்திலிருந்து பழுப்புத் தக்கைக்கு மாறும் இடைநிலையில் உள்ளது. கோடை நடுவே அந்த மாற்றம் நடக்கும் கட்டத்திலேயே காயும் வேகமாகப் பெருக்கிறது. இனிப்புக்காக மனிதன் தேர்ந்தெடுத்த ரகம், தோலை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

தமிழ்நாட்டில் பேரி வீட்டுக் கொல்லையில் நிற்பது பெரும்பாலும் நீலகிரியிலும் பழனி மலையிலும்தான். கொடைக்கானலைச் சுற்றிய வில்பட்டி, பேத்துப்பாறை, அட்டுவம்பட்டிப் பக்கங்களில் நாட்டுப் பேரி, வால்பேரி, முள்பேரி என்று பல பெயரில் மரங்கள் உண்டு. நீலகிரியில் கீஃபர் ரகம் பழகியது. அதன் பூர்வீகம் சுவையானது: பிலடெல்பியாவில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த பீட்டர் கீஃபரின் தோட்டத்தில், சீன மணற்பேரியும் ஐரோப்பியப் பேரியும் தற்செயலாகக் கலந்து பிறந்த மரம் அது. 1876இல் அந்நகரில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் காட்டப்பட்டுப் பரவியது. வெண்ணெய்ப் பேரியைப் பறிகொடுத்த அதே ஊர், சதையில் மணல் நெருடினாலும் எதையும் தாங்கும் இந்த முரட்டுப் பேரியை உலகத்துக்குக் கொடுத்தது. நாக்குச் சுவையில் அது வெண்ணெய்ப் பேரிக்கு ஈடாகாது, உண்மைதான். ஆனால் மலைமழையில் நிற்க நாக்கு மட்டும் போதாது.

மலையில் பேரி ஆண்டின் தொடக்க மாதங்களில் பூத்து, பெரும்பாலும் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பறிப்புக்கு வருகிறது. பிஞ்சு வளரும் ஏப்ரல், மே மாதங்களில் கோடைமழையும் இறங்கி நிற்கும் மஞ்சும் இலையை மணிக்கணக்கில் நனைத்து வைக்கும். மழை பெய்யாத நாளிலும் மஞ்சு போதும். பின்னால் தென்மேற்குப் பருவமழையின் சாரல் வேறு. கனமழை பெய்து கரைந்த அமிலமண்ணும் சேர்ந்தால், மேலே சொன்ன காரணங்களில் மூன்றேனும் ஒரே கொல்லையில் சேர்ந்து நிற்க வாய்ப்புண்டு. ஒற்றைக் காரணத்தைத் தேடி ஒற்றை மருந்தை வாங்குபவர் பெரும்பாலும் தோற்பது இதனால்.

செய்ய வேண்டியதில் பெரும்பகுதி மலிவானது, சரியான மாதத்தில் செய்தால். இலையுதிர்ந்த பிறகு மரத்தடியைக் கூட்டி இலைகளை எடுத்து எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். மொட்டு உறங்கும் காலத்தில் கவாத்து செய்து, கொப்புளம் பிடித்த இளங்கிளைகளை வெட்டி, மரத்தின் நடுவில் வெயில் விழும்படி திறந்துவிட வேண்டும். இலை சீக்கிரம் காய்ந்தாலே பூசணம் பாதி தோற்றுவிடும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை, பிரான்சில் திராட்சைத் திருடர்களை விரட்ட வழியோரக் கொடிகளில் பூசியிருந்ததைப் பேராசிரியர் மில்லார்டே கவனித்து 1885இல் உலகுக்குச் சொன்ன அதே மருந்து, இன்றும் பயன்படும். ஆனால் மொட்டு வெடிக்கும் தருணத்தோடு அதை நிறுத்த வேண்டும். பிஞ்சின் மேல் தாமிரம் பட்டால் தோல் சொரசொரத்து, வெடிப்புக்கு மருந்தே வழி செய்துகொடுத்ததாகிவிடும்.

வறண்ட மாதங்களில் வேர்ப்பரப்பு முழுக்க இலைச்சருகோ வைக்கோலோ மூடாக்காகப் போட்டு, வாரம் தவறாமல் ஆழமாக நீர் விட வேண்டும். ஒரு மாதம் மறந்துவிட்டு ஒரே நாளில் குழாயைத் திறந்துவிடுவதுதான் மோசம். கிளையில் காய் மிகக் குறைவாக இருந்தால் இருப்பவை அளவுக்கு மீறிப் பெருத்து வெடிக்கும். ஆகவே பிஞ்சு களைவதிலும் தழைச்சத்து உரத்திலும் தாராளம் கூடாது. எட்டும் உயரத்தில் இருக்கும் காய்களுக்குக் காகித உறை போடுவது வீட்டுக்கொல்லையில் ஓர் ஓய்வு நாளில் முடிகிற வேலை. டொட்டோரிக்காரர் ஆயிரக்கணக்கில் போட்டதை நாம் ஐம்பது போடலாம். ஐரோப்பியப் பேரி மரத்திலேயே பழுக்கக் காத்திருக்கக் கூடாது. காயைத் தூக்கிச் சாய்த்தால் காம்பு கிளையிலிருந்து இலகுவாக விடுபடும் பருவத்தில் பறித்து வீட்டில் பழுக்கவைக்க வேண்டும். மரத்தில் கூடுதலாக நின்ற ஒவ்வொரு வாரமும் வெடிக்க இன்னொரு வாய்ப்பு.

அப்படியும் வெடித்த காய்களை என்ன செய்வது? கீறல் காய்ந்து தக்கை கட்டி, அழுகல் இல்லாமல் இருந்தால் அந்தப் பகுதியைச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்னலாம், ஜாம் போடலாம். சொறிப்பூசணம் மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. அழுகிப் பூஞ்சை பூத்த காய்களை மட்டும் சாறு பிழியச் சேர்க்க வேண்டாம். அந்த அழுகலில் வளரும் நீலப் பூஞ்சை பட்டுலின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது, கொதிக்கவைத்தாலும் அது முழுதாக அழிவதில்லை.